மெஷினுக்கு ஆழம் தெரியாது

தண்ணீருக்குள் மூழ்குகிறவர்களுக்கென்று செய்த டைவ் வாட்ச் பற்றி எழுதுகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் ஆழத்தைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். 200 மீட்டர், 300 மீட்டர், அதற்கும் கீழே என்று எண்ணைக் கூட்டிக்கொண்டே போவார்கள். சரி, அந்த எண் பொய்யில்லை. ஆனால் ஆழத்தைத் தாங்குவது வெளியே இருக்கிற கூடு. உள்ளே ஓடுகிற மெஷினுக்கு ஆழம் என்று ஒன்று இருப்பதே தெரியாது. தெரிந்துவிட்டால், அதாவது ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போய்விட்டால், கதை முடிந்தது. லட்சக்கணக்கில் காசு கொடுக்கிறவர்கள் எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்கட்டுமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

எழுதத் தூண்டியது என் அத்தை மகன். சுற்றுலாக் கப்பலில் சமையற்கட்டில் வேலை, லீவில் வரும்போது கையில் ஒரு ஒமேகா சீமாஸ்டர் டைவர் 300எம். எங்கள் ஹட்டன் இலங்கை மலையகத்தில் கடல் மட்டத்திலிருந்து 1200 மீட்டருக்கு மேலே இருக்கிற ஊர், அவனுக்கோ நீச்சல் தெரியாது. எங்கள் பக்கத்தில் ஆழமான தண்ணீர் என்றால் காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்கள்தான். மவுசாகலையில் மூழ்கிப்போன பழைய மஸ்கெலியாக் கோயிலைப் பார்ப்பதற்கும் டைவ் அடிக்கத் தேவையில்லை, நல்ல வெயில் காலத்தில் தண்ணீர் இறங்கினால் நடந்தே போய்ப் பார்த்துவிட்டு வரலாம். இதையெல்லாம் சொல்லி அவனைப் போதுமான அளவு கிண்டல் பண்ணியாயிற்று. ஆனால் அந்த வாட்ச்சின் பின்மூடி கண்ணாடி. திருப்பிப் பிடித்தால் மெஷின் தெரியும். கிண்டல் அங்கேயே நின்றுவிட்டது.

டைவ் வாட்ச்சுக்கென்று ஒரு சர்வதேசத் தரம் இருக்கிறது, ஐஎஸ்ஓ 6425. குறைந்தது 100 மீட்டர் தாங்க வேண்டும், எழுதியிருக்கிற ஆழத்தைவிட 25 சதவீதம் கூடுதல் அழுத்தத்தில் சோதிக்க வேண்டும், இருட்டில் 25 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து நேரம் தெரிய வேண்டும், வாட்ச் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதும் தெரிய வேண்டும். இதில் பெரும்பகுதி கூடு, கண்ணாடி, ரப்பர் வளையம், திருகி மூடும் கிரவுன் (பக்கத்தில் இருக்கிற சாவிக் குமிழ்) இவை செய்கிற வேலை. மெஷினைத் தொடுகிறவை என்று பார்த்தால் அதிர்ச்சி, காந்தம் போன்ற சில சோதனைகள்தான். இன்னொரு சாட்சியும் சொல்கிறேன். ரோலெக்ஸ் 1988இல் கொண்டுவந்த 3135 என்ற மெஷின் அதன் டைவ் வாட்ச்சான சப்மரீனரிலும் ஓடியது, சட்டைக் கைக்குள் அடங்கிப்போகிற டேட்ஜஸ்டிலும் ஓடியது. கடலுக்கு ஒன்று, கல்யாணத்துக்கு ஒன்று என்று தனித்தனி மெஷின் கிடையாது.

ஆனால் ஒரே ஒரு இடத்தில் தண்ணீர் மெஷினுக்குக் கட்டளை போட்டிருக்கிறது. டைவ் வாட்ச் ஏன் ஆட்டோமேட்டிக், அதாவது கை அசைவிலேயே தானாக முறுக்கிக்கொள்கிற வகை? சோம்பேறிகளுக்காக இல்லை. தினமும் சாவி கொடுக்கிற வாட்ச்சில் தினமும் கிரவுனைத் திருக வேண்டும், திருகத் திருக அதன் ரப்பர் தேயும், தண்ணீர் நுழைய முதல் வழி அதுதான். 1920களில் கைக்கடிகாரத்துக்கு ஆட்டோமேட்டிக் செய்த ஆங்கிலேயர் ஜான் ஹார்வுட் ஒரு வாட்ச் ரிப்பேர்காரர், தூசியும் ஈரமும் சாவித் தண்டு வழியாகத்தான் உள்ளே வருகிறது என்று கண்டு கிரவுனையே எடுத்துவிட்டவர். நேரத்தைத் திருத்த வாட்ச்சின் விளிம்பைச் சுழற்ற வேண்டும். 1953இல் பிளாங்பான் கம்பெனியின் ஃபிஃப்டி ஃபாதம்ஸ் என்ற டைவ் வாட்ச் வந்தபோது அதன் பின்னால் இருந்த ஜான் ஜாக் ஃபீக்டர் தானே டைவ் அடிக்கிறவர். அவரும் இதே காரணத்துக்காகத்தான் ஆட்டோமேட்டிக் வேண்டும் என்றார். அதே 1953தான் சப்மரீனருக்கும் பிறந்த வருடம் என்று ரோலெக்ஸ் சொல்கிறது. யார் முதலில் என்ற சண்டைக்கு நான் வரவில்லை.

சரி, கண்ணாடி மூடி வழியாக முதலில் கண்ணில் படுவது ரோட்டர், அரைவட்டமான கனத்த தட்டு. கை அசைய அசைய அது தொங்கிச் சுற்றும், அந்தச் சுற்று பற்சக்கரங்கள் வழியாக மெயின் ஸ்பிரிங்கை முறுக்கும். ஹார்வுட்டின் வாட்ச்சில் எடை முழுச் சுற்று சுற்றாது, இரண்டு பக்கமும் முட்டித் திரும்பும். முழுவட்டம் சுற்றும் ரோட்டரை ரோலெக்ஸ் 1931இல் கொண்டுவந்தது. ரோட்டர் எந்தப் பக்கம் சுற்றினாலும் ஸ்பிரிங் ஒரே பக்கமாக முறுக வேண்டுமே, அதற்குச் சுவிஸ்காரர்கள் பெரும்பாலும் திசைமாற்றும் சக்கரங்கள் வைப்பார்கள். சீக்கோ 1959இல் மேஜிக் லீவர் என்று இரண்டு கொக்கி உள்ள ஒரே ஒரு கம்பியால் அதே வேலையை முடித்தது, ஒரு கொக்கி தள்ளும், மற்றது இழுக்கும், அவ்வளவுதான். எனக்கு இன்றைக்கும் வாட்ச் உலகத்தில் பிடித்த புத்திசாலித்தனம் அதுதான், ஒமேகா வைத்திருக்கிறவர்கள் கோபித்தாலும் பரவாயில்லை.

அப்படியே முறுக்கிக்கொண்டே போனால் ஸ்பிரிங் அறுந்துவிடாதா என்று என் அம்மா கேட்டார். நல்ல கேள்வி. ஆட்டோமேட்டிக்கில் ஸ்பிரிங்கின் வெளி நுனி அது சுருண்டிருக்கிற பெட்டியின் சுவரோடு இறுக்கிப் பூட்டியிருக்காது, அழுத்திக்கொண்டு மட்டும் இருக்கும். முழுசாக நிறைந்ததும் வழுக்கிக் கொடுத்துவிடும். அதனால் நாள் முழுக்கத் தேயிலைக் கொழுந்து எடுக்கிற கையில் கட்டினாலும் ஒன்றும் ஆகாது. உண்மையில் அந்தக் கையைவிட நன்றாக ரோட்டரை ஆட்டக்கூடிய கை உலகத்தில் கிடையாது என்பேன். அந்தக் கைகளில் இந்த வாட்ச் ஏறாது என்பது வேறு கதை, ஆயிரம் ரூபாய் நாள் சம்பளத்துக்கே எத்தனை வருடம் கத்த வேண்டியிருந்தது என்று நமக்குத் தெரியும்.

முறுகிய ஸ்பிரிங்கை அவிழ்த்துவிட்டால் ஒரு மூச்சில் சுற்றிமுடித்துவிடும். அதை அடக்கி ஒடுக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதுதான் மெஷினின் முழு வேலையும். நாலைந்து பற்சக்கரங்கள் தாண்டி எஸ்கேப் வீல் வரும், அதன் வாசலில் பேலட் ஃபோர்க் என்ற சின்னக் கவை நிற்கும். தேயிலைத் தோட்டத்தில் காலையில் ஆள் கூடுகிற பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை பேர் பதிந்து ஒவ்வொருவராக மலைக்கு அனுப்புகிற மாதிரி, அந்தக் கவை ஒரு நேரத்தில் ஒரு பல்லைத்தான் விடும். எப்போது விடலாம் என்று சொல்வது இரு பக்கமும் ஆடுகிற பேலன்ஸ் வீலும், அதைத் திருப்பி இழுக்கிற மெல்லிய சுருளான ஹேர் ஸ்பிரிங்கும். பேலன்ஸ் ஒரு பக்கம் சுழன்று திரும்பும்போது ஒரு டிக், மறுபக்கம் திரும்பும்போது இன்னொன்று. தாத்தா கட்டிய சீக்கோ 5இல் 7009 மெஷின், நொடிக்கு 6 டிக். 3135இல் 8. மச்சானுடைய ஒமேகாவில் இருக்கிற 8800இல் 7, அதாவது ஒரு நாளைக்கு 6,04,800. சீக்கோவின் ஹை-பீட் மெஷின்களில் 10. டிக் கூடினால் நொடி முள் வழுவழுவென்று ஓடும், கை ஆட்டத்தால் வரும் தடுமாற்றமும் குறையும், ஆனால் தேய்மானமும் சக்திச் செலவும் கூடும். இலவசமாக எதுவும் இல்லை.

இப்போது காசு எங்கே போகிறது என்பதற்கு வருகிறேன். தாத்தாவின் சீக்கோவுக்கும் அந்த ஒமேகாவுக்கும் நான் மேலே சொன்ன வரிசையில் பெரிய வித்தியாசம் இல்லை. ரோட்டர், ஸ்பிரிங், சக்கரங்கள், எஸ்கேப் வீல், பேலன்ஸ் எல்லாம் இரண்டிலும் உண்டு. வித்தியாசம் கடைசி இரண்டு அங்குலத்தில், இல்லை, கடைசி இரண்டு மில்லிமீட்டரில்.

முதலாவது எஸ்கேப்மென்ட், அதாவது எஸ்கேப் வீலும் கவையும் சேர்ந்த ஏற்பாடு. பெரும்பாலான வாட்ச்சுகளில் இருப்பது தாமஸ் மட்ஜ் என்ற ஆங்கிலேயர் பதினெட்டாம் நூற்றாண்டில் கண்டுபிடித்த லீவர் முறையின் பேரன்தான். அதில் எஸ்கேப் வீலின் பல் கவையின் நுனியில் இருக்கிற கல்லின் மேல் சறுக்கிக்கொண்டே தள்ளும். சறுக்குகிற இடத்தில் எண்ணெய் வேண்டும். எண்ணெய் நாளாக நாளாகக் காயும், கெட்டியாகும், நகர்ந்து போய்விடும், வாட்ச் தடுமாறும். இந்த எண்ணெய்ப் பிரச்சினையோடு மல்லுக்கட்டியவர் ஜார்ஜ் டேனியல்ஸ். வாட்ச்சின் ஒவ்வொரு உறுப்பையும் தன் கையாலேயே செய்கிற அளவுக்கு வல்லவர். 1970களில் அவர் யோசித்த கோ-ஆக்சியல் முறையில் சறுக்கல் மிகவும் குறைவு, தள்ளு கிட்டத்தட்ட நேராக விழும், அதனால் அந்த இடம் எண்ணெயை நம்பி வாழ்வதில்லை. பெரிய கம்பெனிகள் பல அதை வேண்டாம் என்றன, கடைசியில் 1999இல் ஒமேகா எடுத்துக்கொண்டது. ரோலெக்ஸ் வேறு வழியில் போனது. பழைய லீவரையே வைத்துக்கொண்டு கல்லை மெலிதாக்கி, எஸ்கேப் வீலின் கனத்தைக் குறைத்து, சக்கரத்தையும் கவையையும் காந்தம் தீண்டாத நிக்கல்-பாஸ்பரஸில் செய்து, 2015இல் குரோனர்ஜி என்று பேர் வைத்தது. 3135இல் ஏறக்குறைய 48 மணி நேரமாக இருந்த சேமிப்பு அதற்குப் பிறகு வந்த 3235இல் 70 மணி நேரம் ஆனதற்கு இதுவும் ஒரு காரணம். வெள்ளிக்கிழமை மாலை கழற்றி வைத்துவிட்டுத் திங்கட்கிழமை காலை எடுத்தால் ஓடிக்கொண்டிருக்கும்.

இரண்டாவது ஹேர் ஸ்பிரிங். கிறிஸ்டியான் ஹைகன்ஸ் 1675இல் சுருள் ஸ்பிரிங் வைத்த நாளிலிருந்து வாட்ச்சுக்கு இரண்டு எதிரிகள், சூடும் காந்தமும். சாதாரண உருக்குக் கம்பி சூடானால் தளரும், வாட்ச் பிந்தும். இதைத் தீர்த்த உலோகக் கலவைகளுக்காக சார்ல்ஸ் எடுவார்ட் கில்லோமுக்கு 1920இல் பௌதிகத்துக்கு நோபல் பரிசே கொடுத்தார்கள். ஒரு ஸ்பிரிங்குக்கா நோபல் என்று கேட்காதீர்கள், நில அளவைக்கும் அந்த உலோகம்தான் தேவைப்பட்டது. இன்றைக்கு ரோலெக்ஸ் நயோபியம்-சிர்கோனியம் கலவையில் செய்கிறது, ஒமேகா சிலிக்கனில் செய்கிறது.

சூடு நமக்குப் பெரிய விஷயமில்லை, காந்தம்தான் விஷயம். ஹேர் ஸ்பிரிங் காந்தம் ஏறினால் அதன் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டும், ஸ்பிரிங் நீளம் குறைந்த மாதிரி ஆகிவிடும், வாட்ச் தாறுமாறாக முந்தும். ஹட்டனில் வாட்ச் கடை வைத்திருக்கிற அண்ணனிடம் ஒருமுறை ஒரு த்ரீவீல் டிரைவர் தன் வாட்ச்சைக் கொண்டுவந்தார், நாளுக்கு நிமிடக் கணக்கில் முந்துகிறது என்று. அண்ணன் மூடியைக்கூடத் திறக்கவில்லை. "தம்பி, ராத்திரி வாட்ச்ச எங்க கழட்டி வைக்கிறீங்க?" என்று மட்டும் கேட்டார். பின் சீட்டுக்குப் பின்னால் இருக்கிற ஸ்பீக்கர் பெட்டிமேல். காந்தம் இறக்கும் கருவியில் வைத்து எடுத்துக்கொடுத்தார், சரியாகிவிட்டது. 8800 மெஷின் 15,000 காஸ் (காந்தப் புலத்தை அளக்கிற அலகு) வரை தாங்கும் என்று சுவிட்சர்லாந்தின் மெட்டாஸ் என்ற அரசு அளவியல் நிறுவனம் சோதித்துச் சான்று கொடுக்கிறது. 300 மீட்டர் ஆழத்தைவிட இந்த 15,000தான் நம் ஊர் ஆளுக்குப் பயன்படுகிற எண். திருவிழாக் காலத்தில் ஸ்பீக்கர் இல்லாத தெரு எங்கே இருக்கிறது?

மூன்றாவதாகக் கல்லைச் சொல்வார்கள், ஆனால் காசு அங்கே போவதில்லை. இதைப் பற்றித்தான் அதிகம் பேர் தவறாக நினைக்கிறார்கள். 17 கல், 25 கல் என்று முகத்தில் எழுதியிருப்பதால் உள்ளே இரத்தினபுரி மாணிக்கம் இருப்பதாக நம்பி வாட்ச் வாங்கிய பெரியவர்கள் எங்கள் தோட்டத்தில் இருந்திருக்கிறார்கள். பொருள் என்னவோ அதேதான், கொரண்டம், சிவப்பாக இருந்தால் மாணிக்கம், மற்ற நிறமெல்லாம் நீலக்கல் வகை. 1704இல் லண்டனில் கல்லைத் துளைத்துத் தாங்கியாக வைக்கக் காப்புரிமை எடுத்த காலத்தில் இயற்கைக் கல்லைத்தான் துளைத்தார்கள். வெர்னேய் என்ற பிரெஞ்சுக்காரர் 1902இல் உலைச் சுவாலையில் மாணிக்கம் வளர்க்கும் முறையை வெளியிட்ட பிறகு வாட்ச் கல் சில்லறைச் சாமான் ஆகிவிட்டது. எஃகுத் தண்டு கல்லில் சுழன்றால் உரசல் குறைவு, தேய்மானம் குறைவு, அதற்குத்தான் கல். அதனால் இதில் காசு போகிறது என்று யாராவது கடையில் சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள்.

மலைக்கு வந்தால் வாட்ச் மெதுவாகுமா என்று மச்சான் கேட்டான். சுவரில் மாட்டுகிற ஊசல் கடிகாரம் ஆகும். கொழும்பில் சரியாக வைத்ததை 1868 மீட்டர் உயரத்து நுவரெலியாவில் மாட்டினால் ஈர்ப்பு கொஞ்சம் குறைவதால் மட்டும் நாளுக்கு ஏறக்குறைய 20 நொடி பிந்தும். பேலன்ஸ் வீலைத் திருப்பி இழுப்பது ஈர்ப்பு இல்லை, ஹேர் ஸ்பிரிங். அதனால் கடலடியிலும் பிதுருதலாகலை உச்சியிலும் அதற்கு ஒன்றுதான். குளிர்? வாட்ச்சின் துல்லியத்துக்குச் சான்று கொடுக்கிற சுவிஸ் கோஸ்க் சோதனையே 8, 23, 38 டிகிரி என்று மூன்று வெப்பநிலையில் நடக்கிறது. அந்த 8 டிகிரி ஜனவரி விடியற்காலையில் நுவரெலியாக்காரர்களுக்குப் பழக்கப்பட்டதுதான். அந்தச் சோதனையில் ஐந்து கிடைகளில் 15 நாள் ஓடவிட்டு, சராசரியாக நாளுக்கு 4 நொடி பிந்துவதற்கும் 6 நொடி முந்துவதற்கும் இடையில் நிற்கிறதா என்று பார்ப்பார்கள். ரோலெக்ஸ் தனக்குத் தானே 2 நொடி என்று கட்டுப்பாடு வைத்திருக்கிறது. இந்தத் துல்லியத்துக்காக வைக்கிற மெனக்கெடலும் விலையில் சேரும். இதில் ஒரு வேடிக்கை. 1996இல் நம் நாட்டின் நேரத்தையே ஒரு மணி நேரம் முன்தள்ளி, சில மாதத்தில் அரை மணி நேரம் பின்னே இழுத்து, மிச்ச அரை மணி நேரத்தை 2006இல் திருப்பிக் கொடுத்தார்கள். புது நேரமா பழைய நேரமா என்று கேட்டுக்கொண்டே பஸ்ஸுக்கு நின்ற நமக்கு 2 நொடி எந்த மூலைக்கு!

மச்சானுக்கு வந்த உண்மையான தலைவலி வேறு. கொழும்பில் ஒரு கடையில் சும்மா சோதித்துப் பார்க்கக் கொடுத்திருக்கிறான், டைம்கிராஃபரில் வைத்துவிட்டு மெஷினில் கோளாறு, கழற்றிக் கழுவ வேண்டும் என்று பெரிய தொகை சொல்லிவிட்டார்கள். ஹட்டன் அண்ணனிடம் கொண்டுபோனோம். டைம்கிராஃபர் டிக் சத்தத்தைக் கேட்டு பேலன்ஸ் எத்தனை டிகிரி வீசுகிறது என்று கணக்குப் போடும். அந்தக் கணக்குக்கு லிஃப்ட் ஆங்கிள் என்று ஒரு எண்ணை நாம் கொடுக்க வேண்டும். பெரும்பாலான சுவிஸ் மெஷினுக்கு 52 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும், கருவியும் 52இல்தான் கிடக்கும். கோ-ஆக்சியலுக்கு 38. அதை மாற்றாமல் வைத்தால் நம்ப முடியாத எண் வரத்தான் செய்யும். அண்ணன் 38 ஆக்கினார், வீச்சு 290க்குப் பக்கத்தில் வந்து நின்றது, ஆரோக்கியமான எண். "மெஷின்ல ஒன்னுமில்ல தம்பி, கழட்ட விட்றாதீங்க" என்று வாட்ச்சைத் திருப்பிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

ஆக, இந்த மாதிரி ஒன்றை வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு என் கருத்து: மலையில் இருக்கிறவனுக்கு டைவ் வாட்ச் அப்படியொன்றும் பொருந்தாத சாமான் இல்லை. வட்டவளையில் ஆண்டுக்கு 5000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. வெயிலிலிருந்து பனிக்குள் போனால் சாதாரண வாட்ச்சின் கண்ணாடிக்குள் ஆவி படியும், அந்த ஈரம்தான் மெஷினைத் துருப்பிடிக்க வைக்கும். ரப்பர் வளையங்களைச் சில வருடத்துக்கு ஒருமுறை மாற்றி அழுத்தச் சோதனை செய்தால் போதும். ஆனால் அதற்கு ஒமேகாதான் வேண்டும் என்றில்லை. சீக்கோவின் 6ஆர்35 மெஷின் உள்ள டைவ் வாட்ச்சிலும் 70 மணி நேரச் சேமிப்பு உண்டு, துல்லியம் அந்த அளவுக்கு எதிர்பார்க்க முடியாது, ரோட்டரையும் சக்கரங்களையும் அப்படி மினுக்கியிருக்க மாட்டார்கள், விலையும் அதற்கேற்ற மாதிரி. மெஷின் அழகுக்காகத்தான் வாங்குகிறேன் என்றால் அது நேர்மையான காரணம், ஒமேகாவை வாங்குங்கள். ஆழத்துக்காக என்று மட்டும் சொல்லாதீர்கள்.

வாங்குவதற்கு முன்னால் ரிப்பேரையும் யோசித்துக்கொள்ளுங்கள். பெரிய சுவிஸ் கம்பெனிகள் வெளிக்கடைகளுக்கு உதிரிப்பாகம் எளிதில் கொடுப்பதில்லை. ஒமேகாவுக்கு என்ன நோய் என்று ஹட்டன் அண்ணன் சொல்லிவிடுவார், மருந்து அவரிடம் கிடையாது. தாத்தாவின் 7009க்கு அவருடைய லாச்சியில் பழைய மெஷின் நான்கைந்து கிடக்கிறது.